முதல் நான், பிறகு நாய்

இன்றைக்கு விடியவே சீனி கடற்கரைப் பக்கம் போய் நாயுருவிப் பற்றைக்குள் புரண்டுவிட்டு வந்து நின்றது. காதுக்குப் பின்னால், கக்கத்துக்குள், வாலுக்குக் கீழே, எங்கே பார்த்தாலும் நாயுருவி முள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "கண்டறியாத நாய்! நேற்றும் உன்னோடதானே மாரடிச்சனான்" என்று பேசிக்கொண்டு அலுமாரியைத் திறந்து அந்த இரும்புச் சீப்பை எடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது தப்பாகப் போய்விட்டது. சீப்பின் பல்லும் கைப்பிடியும் சேருகிற மூலையில், எவ்வளவு கழுவினாலும் கழுவுப்படாத அந்த இடத்தில், ஒரு மயிர் சுற்றிக்கொண்டு கிடந்தது. சீனியின் மயிர் கட்டை. இது நீளம், உம்முடையது. நுனியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. நீர் கடைசியாகப் பூசி, "இனிமேல் இந்தக் கறுமத்தைப் பூசமாட்டன்" என்று சபதம் போட்ட சாயத்தின் மிச்சம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன். நாய் முள்ளோடு நிற்கிறது, நான் உம்மோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாய்ச் சீப்புக்குள் உம்முடைய தலைமயிர் எப்படி வந்தது என்று நீர் இருந்தமட்டும் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தது உமக்கும் எனக்கும் சீனிக்கும்தான் என்று நீர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தீர். இல்லை காணும். இன்னொரு ஆளுக்கும் தெரியும். உம்முடைய முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சொல்லியிருந்தால் ஒரு கிழமைக்கு என்னை "நீங்கள்" என்று கூப்பிட்டிருப்பீர். இன்றைக்கு அதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் முதலில் இருந்து வருகிறேன்.

எங்கள் தீவில், கரம்பொன் ஊரில், உம்முடைய வளவுக்கும் என்னுடைய வளவுக்கும் நடுவில் ஓர் ஓலை வேலி. அந்த வேலியில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. வேலி அடைக்கிற ஒவ்வொரு தரமும் என்னுடைய மனிசன் அதையும் சேர்த்து அடைப்பார். கடலில் வலை இழுத்த கை, இறுக்கிக் கட்டும். அடுத்த நாள் விடிய நீர் கத்தியோடு வந்து அவிழ்த்துவிடுவீர். அவரும் கேட்டதில்லை, நீரும் சொன்னதில்லை.

கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த ஆட்கள் நாங்கள். அங்கே ஒருத்தியை ஒருத்தி "நீ" என்று கூப்பிட்டது சிஸ்டரின் காதில் விழுந்தால் அடிமட்டக் கட்டையால் விரல் முட்டியில் போடுவா. "நீர்" என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அடிக்குப் பயந்து தொடங்கிய "நீர்" கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் எங்களை விட்டுப் போகவில்லை. சிஸ்டர் மோட்சத்துக்குப் போய் எவ்வளவோ காலம். நாங்கள் இங்கே இன்னும் விரலை மடக்கிக்கொண்டுதான் கதைத்தோம். உமக்குக் கோபம் வந்தால் மட்டும் "நீர்" ஒரு படி ஏறி "நீங்கள்" ஆகும். "நீங்கள் பெரிய ஆள்தானே" என்று நீர் தொடங்கினால் நான் மறுகதை இல்லாமல் பொட்டால் குனிந்து என் வளவுக்கு வந்துவிடுவேன்.

சீனியை உம்முடைய மகள் கொழும்பில் வாங்கி வளர்த்தவள். கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போகும்போது உம்மிடம் கொண்டுவந்து விட்டாள். அவள் வைத்த பெயர் ஸ்னோவி. உம்முடைய வாயில் அது முதலில் சீனோவி ஆகி, பிறகு சீனி ஆனது. வெள்ளை வெளேரென்று இருந்ததால் பொருத்தமும் சரியாக இருந்தது. எங்கள் ஊரில் மயிர் நீண்ட நாய் எல்லாம் சடைநாய்தான். நாங்கள் சாதி கேட்காத ஒரே விசயம் அதுதான். கனடாக்காரி போகும்போது, "அம்மா, ஒவ்வொரு நாளும் சீப்பாலை இழுத்து விடோணும், இல்லாட்டில் சிக்குப் பிடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நீரும் இழுத்தீர். விடிய தேத்தண்ணி குடித்த கையோடு நாயை மடியில் போட்டுக்கொண்டு, அதற்கு ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லிச் சொல்லி இழுப்பீர். வேலிக்கு இந்தப் பக்கம் குசினியில் நின்றபடி நானும் எல்லாப் புதினமும் கேட்டுக்கொள்வேன்.

ஒரு பொங்கலுக்குப் பிறகு புதினம் நின்றுபோனது. முதலில் சீனியின் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு சிக்கு. அது தேங்காய்ச் சிரட்டை அளவானது. பிறகு கக்கம், பிறகு கழுத்துப் பட்டிக்குக் கீழே, பிறகு வயிறு. கடல் உப்பும் மணலும் சேர்ந்து எல்லாம் ஒரே பாளமாகி, கடைசியில் வாசல் கால்மிதி எழும்பி நடந்து வருகிறது போல வரும். நிறமும் மண்பழுப்பாக மாறி, சீனி சர்க்கரையாகிவிட்டது. "இஞ்சரும், நாயை இழுக்கிறேல்லையோ?" என்று கேட்டேன். நீர் கொஞ்சமும் யோசிக்காமல், "சடைநாய் எண்டால் சடை விழத்தானே காணும் வேணும்? பேரிலேயே கிடக்கு" என்றீர்.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? நீர் சங்கக்கடை மனேச்சராக இருந்த ஆள். அரிசிக்குள் கல் கிடந்தாலும் "அது கல்லில்லை, குறுணி" என்று நீர் சொன்னால் சனம் வாங்கிக்கொண்டு போய்ச் சமைத்துச் சாப்பிடும்.

ஊரும் நம்பியது. அதுதான் பெரிய கரைச்சலாகப் போனது. எங்கள் ஒழுங்கை திரும்புகிற முடக்கில் இருக்கிற வைரவர் கோயிலுக்குச் சீனி வடை தின்னப் போகிறது வழக்கம். வைரவருக்கு நாய்தானே வாகனம், அதனால் ஒருவரும் கலைக்கமாட்டார்கள். சடை முற்றிப்போய் அது கோயில் வாசலில் படுத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை பூசாரியார் பார்த்துவிட்டு, "சும்மா விழுகிற சடையில்லை இது. அவர் குடுத்தது. இதிலை கத்தி படக்குடாது" என்று சொல்லிவிட்டார். அன்றில் இருந்து சீனிக்குத் தனி வடை. நெற்றியில் சந்தனம். ஒருத்தி தன்னுடைய மகனின் விசா விசயமாக அதன் காதில் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். சேசு மரி சூசையே என்று குருசு போட்டுக்கொண்டேன்.

ஆனால் உமக்கு உள்ளுக்குள் ஒரு பயம் தின்றுகொண்டிருந்தது. மகள் ஒரு நிபந்தனையில்தான் உம்மை இங்கே விட்டு வைத்திருந்தாள். "அம்மா, உங்களைத் தனிய விட ஏலாது எண்டதுக்கு ஒரு அடையாளம் கண்டன் எண்டால் சரி, கையோட கூட்டிக்கொண்டு வந்திடுவன்" என்பது அவளுடைய கதை. நீரோ, "இந்த வீட்டுக்கு நான் ரெண்டு தரம் கூரை போட்டனான். ஒருக்கா கட்டேக்கை, ஒருக்கா இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து. மூண்டாவது வீடொண்டில நான் போய் இருக்கமாட்டன்" என்று நிற்கிற ஆள். அவள் எனக்கும் இடைக்கிடை போன் எடுத்து, "அன்ரி, நீங்கள் எனக்கு உண்மையைத்தான் சொல்லோணும்" என்பாள். நான் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்பேன். நீர் போய்விட்டால் அந்தப் பொட்டால் குனிந்து நான் எங்கே போவது? உம்முடைய பயத்தில் பாதி என்னுடையதும்தான் காணும்.

அப்படி இருக்கிற நாளில் ஒரு பின்னேரம், பொழுதுபடுகிற நேரம், மகள் வீடியோவில் வந்து, "அம்மா, சீனியைக் காட்டுங்கோ, பார்த்துக் கனநாள்" என்றாள். நீர் முழித்த முழியை வேலிப் பொட்டால் பார்த்தேன். சீனி கோயிலில் வடைக்கு நிற்கிறது. வந்தாலும் காட்டுகிற கோலமில்லை. நீர் சுற்றிப் பார்த்தீர். என்னுடைய வெள்ளை ஆடு உம்முடைய கிணற்றடியில் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தது. போனை அந்தப் பக்கம் பிடித்து, "அந்தா, படுத்திருக்கு. நித்திரை, எழுப்பாமல் விடுவம்" என்றீர்.

"அம்மா, சீனிக்கு நல்லா உடம்பு வைச்சிருக்கு" என்றாள் மகள்.

"ஓம், வடை கொஞ்சம் கூடிப்போச்சு."

அந்த நேரம் பார்த்து என்னுடைய சனியன் பிடித்த ஆடு "மே" என்றது.

"என்னம்மா அது?"

"அது... சீனிக்குச் சளி, தடிமன் பிள்ளை. தொண்டை கட்டிப்போச்சு" என்று சொல்லிவிட்டு நீரும் ரெண்டு தரம் இருமிக் காட்டினீர். நான் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் மகள் அடுத்த குண்டைப் போட்டாள்: பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறைக்கு அவள் வருகிறாள். நேரே வந்து பார்க்கப்போகிறாள்.

போனை வைத்துவிட்டு நீர் சொன்னீர், "நாயைக் கண்டாளெண்டால் என்ன சொல்லுவாள் தெரியுமோ? ஒரு நாயைப் பாக்க ஏலாத மனிசி தன்னை எப்பிடிப் பாக்கும் எண்டு கேப்பாள். பிறகு எனக்குப் பனிச் சப்பாத்துத்தான்."

அன்று தொடங்கினோம். இரண்டு கிழவிகளும் செய்யக்கூடாத எல்லாவற்றையும் ஒழுங்கு பிசகாமல் செய்தோம். முதலில் கிணற்றடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டு முழுக வார்த்தோம். வெயிலில் காய்ந்ததும் சடை முந்தியைவிட இறுகி, நாய் ஓடு போர்த்த ஆமையாகிவிட்டது. அடுத்து நல்லெண்ணெய். அது எண்ணெயோடு கடற்கரைக்கு ஓடி, பாதி மணலைப் பூசிக்கொண்டு வந்தது. அடுத்து என்னுடைய தையல் கத்தரிக்கோல். சிக்கோடு தோலும் இழுபட்டு மேலே வந்து நிற்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? காதடியில் ஒரு கீறல் விழுந்து, சீனி போட்ட சத்தத்தில் என்னுடைய மனிசன் படலையை உடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அந்தக் கீறலுக்கு மஞ்சள் பூசும்போதுதான் பார்த்தேன், சடைக்குக் கீழே கக்கத்துத் தோல் சிவந்து வெந்துபோய் இருந்தது. பாவம், வாயில்லாத சீவன். அருள் என்று ஊர் சந்தனம் வைத்தது, அது உள்ளுக்குள் எரிந்துகொண்டு வடை தின்றிருக்கிறது. எனக்கு உம்மிலும் கோபம், என்னிலும் கோபம், பூசாரியாரில் இன்னும் கூடக் கோபம்.

மாடுகளுக்கு ஊசி போட ஊருக்கு வந்த மிருக வைத்தியரிடம் சீனியைத் தூக்கிக்கொண்டு போனோம். இளம் பெடியன். சீனியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணி வார்த்தனீங்களோ?" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "தண்ணி பட்டால் சிக்கு இறுகிப்போம். சிக்கெடுத்த பிறகுதான் வார்க்கோணும். எண்ணெய் எதுவும் அள்ளி ஊத்தினனீங்களோ?" நீர் வானத்தைப் பார்த்தீர். "கத்தரிக்கோல் மட்டும் வைச்சிடாதேங்கோ அம்மா" என்றார். நான் காதடியைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு எல்லாம் சொல்லித் தந்தார்: சின்னச் சிக்கு என்றால் அடிமயிரைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். வேரில் இருந்து இழுத்தால் நோகும். இவ்வளவு பெரிய பாளத்தை அவிழ்க்கப் பார்த்தால் நாய்க்குத்தான் வாதை, மெசினால் வழித்து எடுப்பதுதான் புண்ணியம். ஒட்ட வழிக்காமல் கொஞ்சம் விட வேண்டும், வெயிலில் விடக்கூடாது. மெசின் அவரிடம் அன்றைக்கு இல்லை, மாட்டுக்கு எதற்கு மெசின்?

சந்திச் சலூன்காரத் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, நாய்க்கு வெட்டினால் பேந்து என்னட்டை ஆக்கள் வருவினமோ?" என்று கும்பிட்டான். அப்போதுதான் எனக்கு என்னுடைய மனிசனின் தாடி வெட்டுகிற மெசின் நினைவுக்கு வந்தது. அவருடைய தம்பி பாரிசில் இருந்து அனுப்பியது. பெட்டி பிரிக்கிறதும் மூடுகிறதுமாக அவர் அதைத் தங்கம் போல வைத்திருந்தார்.

மெசின் கிடைத்தது, இனி வைரவர். நீர் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்று நின்றீர். ஓர் இலையில் வெள்ளைப் பூ, ஓர் இலையில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் வெட்டலாம். கோயில் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தீர். சிவப்பு. "சரியாய்க் கும்பிடேல்லை" என்று இன்னொரு தரம். அதுவும் சிவப்பு. மூன்றாம் தரம் இரண்டு இலையிலும் நீர் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். "இஞ்சரும், இது கள்ளம்" என்றேன். "வைரவருக்கு என்ர கஷ்டம் தெரியும். நீர் சும்மா இரும்" என்றீர். பிறகும் உமக்கு முழு நம்பிக்கை இல்லை. மெசினை என்னிடம் நீட்டினீர்.

"நீர் வெட்டும். நீர் வேதக்காரி. உமக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் ஒண்டுமில்லை."

"அப்ப பாவம் முழுக்க எனக்கோ?"

"உங்களுக்குத்தானே பாவசங்கீர்த்தனம் கிடக்கு. போய்ச் சொல்லிப்போட்டு வரலாம். எங்களுக்கு அந்த வசதியில்லை" என்றீர்.

(பிறகு போய்ச் சொன்னேன். பங்குச் சுவாமியார் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். கடைசியில், "நாய் சுகமோ?" என்று மட்டும் கேட்டார்.)

சீனியைக் குசினி மேசையில் ஏற்றினோம். நான் முதுகில் இருந்து வழித்துக்கொண்டு வருகிறேன், பாளம் ஒரு கம்பளிச் சட்டை கழருகிறது போல உரிந்து வருகிறது, கீழே இளஞ்சிவப்புத் தோல் தெரிகிறது. நீர் ஒற்றைக் கையால் பிடிக்கிறீர், நாய் வழுக்குகிறது. "மற்றக் கையாலயும் மேல பிடியும் காணும்" என்றேன். நீர் பிடிக்கவில்லை. "அந்தக் கைக்கு என்ன, உண்ணாவிரதமோ?" என்று சத்தம் போட்டேன். நீர் நாயை நெஞ்சால் அணைத்துப் பிடிக்கக் குனிந்தீர். கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

அவிழ்ந்து விழவில்லை. அதுதான் விசயம். மேலே மட்டும் கொஞ்சம் மயிர் விழுந்தது, கீழே பிடரியில் கொண்டை அப்படியே நின்றது. சீனியின் காதுக்குப் பின்னால் இருந்த அதே பாளம்.

"இது எவ்வளவு காலம்?" என்றேன்.

"எது?"

"உம்மட தலை."

"நீர் நாயைப் பாரும்."

நான் தொட்டேன். நீர் தலையை இழுத்துக்கொண்டீர். பொங்கலன்று பானை இறக்கும்போது தோள் பிடித்ததாம். அதன் பிறகு வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லையாம். நாயை இழுக்க ஏலாது, தலை இழுக்க ஏலாது. முன்பக்கம் மட்டும் தண்ணீர் தடவி வாரிக்கொண்டு, பின்னால் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரிந்திருக்கிறீர். சடைநாய்க்குச் சடை விழும் என்றது, வைரவரின் அருள் என்று ஊர் சொன்னபோது பேசாமல் நின்றது, எல்லாம் இந்தக் கையை மறைக்கத்தான். ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எனக்கே குறுணி விற்றிருக்கிறீர். எனக்கு வந்த கோபத்தில் மெசினைப் போட்டு உடைக்கப் பார்த்தேன். "என்னட்டை ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினேன். நீர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினீர். மனேச்சர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீ ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையடி" என்றீர்.

நீ என்றீர். அத்தனை வருசத்தில் முதல் தரம். நான் மெசினை நிற்பாட்டினேன். சிஸ்டர் வருகிறாவோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன் என்றால் நம்புவீரோ? சத்தியமாகப் பார்த்தேன். பிறகுதான் உம்மைக் கட்டிப்பிடித்தேன்.

அந்த இடைவெளியில் சீனி மேசையால் குதித்து ஓடியது. முன்பாதி சர்க்கரை, பின்பாதி சீனி. நேரே கோயிலுக்கு, அதுவும் பூசை நேரத்தில். பின்னால் நாங்கள் இரண்டு பேரும் ஓட்டம். பூசாரியார் தீபத்தோடு நின்று நாயைப் பார்க்கிறார், உம்மைப் பார்க்கிறார், என் கையில் இருக்கிற மெசினைப் பார்க்கிறார். நான் மெசினை முந்தானைக்குள் ஒளித்தேன். நீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய மனேச்சராக நிமிர்ந்து, "மொட்டை நேர்த்தி ஐயா. சீனிக்கு வைச்சது. அரைவாசியில இறங்கி ஓடி வந்திட்டுது" என்றீர். மொட்டை நேர்த்திக்கு யார் மறுப்புச் சொல்வது? "முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் கோயில் வாசலிலேயே வழிக்கச் சொல்லி, மொட்டைத் தலையில் சந்தனமும் அப்பிவிட்டார். வைரவர் கோயில் வாசலில் வேதக்காரி ஒருத்தி பாரிஸ் மெசினால் நாய்க்கு மொட்டை அடித்தது எங்கள் தீவில் அதுதான் முதல் தரமாக இருக்கும்.

அடுத்த நாள் என்னுடைய மனிசன் மெசினைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய்க் கன நேரம் நின்றார். "எனக்கு இவ்வளவு நரைச்சிட்டுதே?" என்று கேட்டார். "ஓம், வயசு போகுதுதானே" என்றேன்.

உம்முடைய தலையை வழிக்க நீர் விடவில்லை. மகள் வருமட்டும் ஒவ்வொரு பின்னேரமும் பொட்டால் வந்து, வைத்தியர் நாய்க்குச் சொன்ன பக்குவத்தை அப்படியே உமக்குச் செய்தேன். அடிமயிரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியில் இருந்து மேலே. "கடைசியில என்னையும் நாயாக்கிப் போட்டீர்" என்றீர். "நாய் இப்பிடி வாய் காட்டேல்லை" என்றேன். அவிழாத இரண்டு முடிச்சை மட்டும் உமக்குத் தெரியாமல் வெட்டி எறிந்தேன். ஆசுப்பத்திரிக்கும் இழுத்துக்கொண்டு போனேன். சுவரில் விரலால் ஏறிப் பழகச் சொன்னார்கள். ஏறினீர், கை தோள்மட்டத்துக்கு வந்தது, அதற்கு மேலே போகவில்லை.

மகள் வந்தாள். படலையில் மொட்டைச் சீனியைக் கண்டு, "ஐயோ அம்மா, இதென்ன எலிக்குஞ்சு?" என்று கத்தினாள். நீர் "வெயிலுக்கு வெட்டினது" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விட்டீர். அவள் குசினி பார்த்தாள், மருந்துக் குளிசைப் பெட்டி பார்த்தாள், கிணற்றுக் கயிறு பார்த்தாள். பின்னேரம், "அம்மா, வாங்கோ, தலை இழுத்து விடுறன்" என்று உம்மைக் கதிரையில் இருத்தினாள். நான் பொட்டடியில் குந்தி அந்தோனியாரைக் கும்பிட்டேன். சீப்பு உச்சியில் இருந்து வந்தது, பிடரிக்கு வந்தது, நிற்காமல் இறங்கிக் கீழே போனது. "அம்மா, சிக்கே இல்லை. நல்லாத்தான் பாக்கிறியள்" என்றாள். நீர் பொட்டுப் பக்கம் பார்க்காமல், "பிறகென்ன?" என்றீர். என்ன ஒரு நெஞ்சழுத்தம் காணும் உமக்கு!

இனித்தான் நான் சொல்லாத விசயம். அவள் போகிற அன்று, நீர் உள்ளே பனங்கிழங்குப் பார்சல் கட்டிக்கொண்டிருந்த நேரம், அவளை ஏற்றிக்கொண்டு போக வந்த வானடியில் வைத்து என்னைக் கூப்பிட்டாள். சீனிக்கென்று கனடாவில் இருந்து கொண்டுவந்த இரும்புச் சீப்பை என் கையில் வைத்தாள். "அன்ரி, அம்மாவின்ர கை எழும்புதில்லை. வந்த அண்டைக்கே கண்டனான். பிடரியில ரெண்டு இடத்தில வெட்டியும் கிடக்கு" என்றாள். நீர் கேட்டுவிடுவீரோ என்று வாசலை எட்டிப் பார்த்தேன். "கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான். தலையை இழுத்துப் பார்த்தாப் பிறகு மனம் வரேல்லை. அங்க நான் விடிய வேலைக்கு ஓடினால் ஆர் இப்பிடி இருந்து இழுக்கிறது? நீங்கள் இருக்கிறியள்தானே. இந்தச் சீப்பு நாய்க்கு. அம்மாவுக்கும் சரிவரும்" என்றாள். அப்போது நீர் பார்சலோடு வந்துவிட்டீர். அவளைப் பேய்க்காட்டி ஏமாற்றிவிட்டோம் என்று அந்த வான் மறையுமட்டும் உமக்கு இருந்த சந்தோசப் புளுகத்தை நான் எப்படிக் கெடுப்பது?

நாய்ச் சீப்பா என்று முதலில் முகத்தைச் சுழித்தீர். ஒரு தரம் இழுத்ததும், "இது நல்லாத்தான் கிடக்கு" என்றீர். பிறகு சட்டம் போட்டீர்: "முதல் நான், பிறகு நாய்." சீப்பைக் கழுவினாலும் சரி, கழுவாவிட்டாலும் சரி, அந்த ஒழுங்கு மாறக்கூடாது. குசினி வாசலில் நீர் கதிரையில், பக்கத்தில் சீனி குந்திக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும். நீர் ஊர்ப் புதினம் சொல்லுவீர், நான் இழுப்பேன். உமக்குத் தெரியாமல் மகளுக்குப் போனில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதன் மயிர் திரும்ப வெள்ளையாக வளர்ந்து வந்தது, ஒரு சிக்கு இல்லாமல்.

போன மாரியில் ஒரு விடியப்புறம் நீர் தேத்தண்ணியைப் போட்டு வைத்துவிட்டு, கதிரையில் இருந்தபடியே போய்விட்டீர். நீர் இரண்டு தரம் கூரை போட்ட வீட்டில். மகள் வந்து சேர்ந்ததும் உம்மைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தினார்கள். "தலையை ஆர் இழுக்கிறது?" என்று ஒருத்தி கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் பொட்டால் போய் இந்தச் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து இழுத்தேன். எங்கேயும் நிற்கவில்லை. முடித்து நிமிர்ந்து பார்த்தால், அவ்வளவு சனத்துக்கும் நடுவில் புகுந்து சீனி உமக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டிருக்கிறது. கலைக்க எழும்பினார்கள். "விடுங்கோ, அது தன்ர முறைக்கு நிக்குது" என்று மகள் சொன்னாள். செத்தவீட்டில் சிரித்தார்கள் காணும். சிரித்துவிட்டுத்தான் பிறகு எல்லாரும் குழறி அழுதார்கள். நான் அந்த இடத்திலேயே இருந்து சீனியையும் இழுத்து விட்டேன்.

இப்போது சீனி என்னோடுதான். சீப்பை எடுத்தால் வந்து குந்தும், ஆனால் தொட விடாது. முதல் ஆள் முடியவில்லை என்று நிற்கும். கதிரைச் சட்டத்தில் இழுத்துக் காட்டிப் பார்த்தேன், அந்தக் கள்ளம் அதனிடம் எடுபடவில்லை. அதனால் நான் என்னுடைய தலையை முதலில் இழுக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் கிட்ட வருகிறது. இன்றைக்கும் முள்ளோடு அப்படித்தான் நிற்கிறது. நானும் கொண்டையை அவிழ்த்து இழுக்கத் தொடங்கினேன்.

பிடரிக்குக் கிட்டப் போய்ச் சீப்பு நின்றுவிட்டது. புளியங்கொட்டை அளவில் ஒன்று. கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எட்டுதில்லையடி. இனி நான் ஆரிட்டைப் போய்த் தலையைக் குடுக்கிறது, நீ சொல்லு.